எஃப் எட்டுக்கு முதல் மரியாதை

கோயில்களில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வர வேண்டிய குழாய் மேலேயே சிவப்புப் பெயிண்டால் 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர் என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதியிருப்பார்கள். எழுத்து போக மிச்சமிருக்கும் இடுக்கில்தான் கொஞ்சம் வெளிச்சம் வரும். சின்ன வயதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது உபயம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எங்கள் லேபில் வேலை பார்க்கும் ஃபரீஹாவுக்கு நல்லது செய்ய வந்த பெரிய மனிதர்கள்தான் அதற்குக் காரணம்.

உழவர்கரையில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ரத்தப் பரிசோதனை லேப். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் முதலாளி அன்பழகன் இதையும் விளம்பரம் என்று நினைத்து சந்தோஷப்படுவார். நான் மாலா, வாசல் கவுன்ட்டரில் பில் போடுகிறவள். எனக்குப் பக்கத்து மேஜைதான் ஃபரீஹாவுடையது. போனில் கேட்பவர்களுக்கு ரிசல்ட் சொல்வது அவள் வேலை. ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிடலாமே என்பீர்கள். அனுப்புகிறோம்தான். ஆனால் சாதாரண போன் வைத்திருப்பவர்கள், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்கள், படித்தும் அது நல்ல நம்பரா கெட்ட நம்பரா என்று புரியாதவர்கள், இவர்களெல்லாம் போனில் ஒரு மனுஷக் குரல் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

ஃபரீஹாவுக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. வீடு முல்லா வீதியில். அவள் அத்தா அப்துல் கையூம் அங்கேயே அத்தரும் தொப்பியும் விற்கிறார். கண் தெரியாதவள் என்றதும் சாந்தமான முகம், எப்போதும் புன்சிரிப்பு என்று கற்பனை செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. வாய் நீளம். ஊர்க்கதை கேட்கக் காது அலையும். பசி வந்தால் எரிந்து விழுவாள். மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தத்தை வைத்தே யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிட்டு, கூசாமல் பங்கு கேட்பாள். யாராவது "பாவம்" என்று அவள் காதுபட இழுத்தால், "நீங்க பண்ணதா?" என்று கேட்பாள்.

அவள் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. திரையில் உள்ளதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். அது படிக்கிற வேகத்தில் நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. அவளுக்கு அதுதான் சரியான வேகம். ஒரு காதில் அதன் இயர்போன், இன்னொரு காதில் டெலிபோன் ரிசீவர். ரிசீவரை இடது கையில் பிடித்திருப்பதால், கீபோர்டுக்கு வலது கை மட்டும்தான் மிச்சம். நல்ல ஹெட்செட் ஒன்று இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று முதலாளியிடம் எத்தனையோ முறை கேட்டாள். கிடைக்கவில்லை. உபயக்காரர்கள் யாரும் அதை வாங்கித் தரவும் முன்வரவில்லை, ஹெட்செட்டில் பெயர் எழுத இடம் ஏது?

அவள் வேலையில் ஒரு ஆபத்து உண்டு. எங்கள் லேபின் மென்பொருள் கிழட்டு மென்பொருள். கூட்டம் உள்ள நாளில் புது சாம்பிள் நம்பரைத் தட்டினாலும் பழைய ஆளின் ரிப்போர்ட் திரையை விட்டு நகராமல் அப்படியே நிற்கும். கண் உள்ளவர்கள் மேலே பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். ஃபரீஹாவுக்குக் கர்சர் நிற்கிற இடத்தில் உள்ள எண் மட்டும் காதில் விழும். அது யாருடைய எண் என்று எப்படித் தெரியும்? அதனால் பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்காமல் எந்த எண்ணையும் அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

அதற்கென்று ஒரு விசை வைத்திருந்தாள். இன்சர்ட்டையும் எஃப் எட்டையும் சேர்த்து அழுத்தினால், கர்சர் எங்கே நின்றாலும் திரையில் இருக்கும் நோயாளியின் பெயர், வயது, ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும். காலாப்பட்டில் இருக்கும் இளஞ்செழியன் எழுதிக் கொடுத்தது அது. அவருக்கும் பார்வை கிடையாது. இவள் கஷ்டத்தைப் போனில் கேட்டுவிட்டு, எங்கள் லேப் மென்பொருளுக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு குட்டி நிரலை எழுதி அனுப்பினார். ஸ்கிரீன் ரீடர் மேலே இப்படி ஒட்டவைக்கிற குட்டி நிரல்களை ஆட்-ஆன் என்கிறார்கள். "இதுல ஒங்க பேரு எங்கியுமே வரலியே" என்று ஃபரீஹா கேட்டாள். "எம்பேரு எதுக்கு? பேஷண்ட் பேரு வர்ற எடம்மா அது" என்றாராம்.

ஏன் எஃப் எட்டு? ஒற்றைக் கையை விரித்தால் கட்டை விரலும் சுண்டு விரலும் எட்டுகிற தூரத்தில், ஸ்கிரீன் ரீடர் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்கெனவே ஏதாவது வேலையில் இருந்தது. சும்மா கிடந்த விசை இது ஒன்று என்பதால்தான் வினை வந்தது. ஆட்-ஆன் எழுத உட்கார்ந்த ஒவ்வொருவர் கண்ணும் நேராக அங்கே போய் விழுந்தது. அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் ஆட்-ஆன் மட்டும் இருந்ததால் எல்லாருக்கும் அருமையாக வேலை செய்தது. இங்கே வேறொருத்தி உட்கார்ந்து அதே விசையை வைத்துப் பிழைத்துக்கொண்டிருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தது அன்புக் கரங்கள் சங்கம். போன டிசம்பரில், மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று. தலைவர் புருஷோத்தமன், டைல்ஸ் கடை முதலாளி. தன் கடைகளிலும் குடோன்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை எங்களிடம்தான் செய்கிறார் என்பதால், அவர் தும்மினால் எங்கள் முதலாளிக்கு ஜலதோஷம் பிடிக்கும். ஃபரீஹாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் சாப்பாட்டு நேரம் போட்டோவில் போயிற்று. பிறகு ஒரு ஆள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்-ஆனை ஏற்றி, எல்லாருக்கும் புரிகிற மாதிரி வேகத்தைக் குறைத்து ஸ்பீக்கரில் விட்டான். இன்சர்ட்டும் எஃப் எட்டும் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள்.

"அன்புக் கரங்கள் சங்கம், தலைவர் வள்ளல் புருஷோத்தமன் உபயம்" என்றது கம்ப்யூட்டர். பிறகு தேதி, கிழமை, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். முல்லா வீதிப் பெண்ணுக்கு எமகண்டம். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஃபரீஹாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரே விசையை இரண்டு ஆட்-ஆன் கேட்டால் ஸ்கிரீன் ரீடர் பஞ்சாயத்து பண்ணாது. எல்லா இடத்திலும் வேலை செய்கிற ஆட்-ஆனுக்கு முதலில் கொடுத்துவிடும், ஒரு மென்பொருளுக்கென்று எழுதியதை அப்புறம்தான் பார்க்கும். அதாவது சங்கத்துக்கு முதலிடம், நோயாளிக்கு இல்லை. அவர்கள் போனதும், ஸ்கிரீன் ரீடரில் எந்த விசை எந்த வேலைக்கு என்று காட்டும் பட்டியலைத் திறந்து, சங்கத்தைக் கை எட்டாத வேறொரு விசைக்கு மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஒரு நாள் புருஷோத்தமன் யாரையோ கூட்டிக்கொண்டு திடீரென்று வந்து நின்றார். "அந்த பட்டன அமுத்தும்மா" என்றார். அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஏதோ ஒரு நோயாளியின் பெயர் வந்தது. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். கோயில் திருவிழாவில் மாலையைப் பக்கத்து ஆள் கழுத்தில் போட்டுவிட்டால் சில பேர் முகம் போகுமே, அப்படிப் போயிற்று. போனபின் முதலாளி ஓடி வந்தார்.

"ஃபரீஹா, அவரு பேரு வரலியாமே?"

"அத வேற கீக்கு மாத்திட்டேன் சார். இது பேஷண்ட் பேருக்கு வேணும்."

"பேஷண்ட் பேர வேற எதுலயாவது வச்சிக்கயேன்."

"ஒரு கையில எட்டற மாதிரி வேற இல்ல சார். ஹெட்செட் வாங்கிக் குடுங்க, ரெண்டு கையால எத வேணா அமுத்தறேன்."

"அதப் பாக்கலாம். இப்ப அவர வச்சிடு."

இந்த ஊரில் ஒருவர் ஒன்று கொடுத்தார் என்று தெரிந்தால் இன்னொருவருக்குத் தூக்கம் வராது. அடுத்ததாக ஒரு பொறியியல் கல்லூரி. படங்களை விவரித்துச் சொல்லும் ஆட்-ஆனாம், மாணவர்களின் ஆராய்ச்சியாம். எங்கள் லேப் திரையில் இருக்கிற ஒரே படம் எங்கள் முத்திரை, ஒரு சோதனைக் குழாய். 'எங்கள்' என்று ஆரம்பித்து, கல்லூரிப் பெயர், துறைப் பெயர், துறைத் தலைவர் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, "படத்தில் ஒரு பாட்டில் இருக்கலாம்" என்றது. அதுவும் எஃப் எட்டில்தான்.

மூன்றாவது, முதலாளியின் தாய்மாமன் தணிகாசலம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பாதி வருஷம் பாரீஸ், பாதி வருஷம் இங்கே. மருமகன் லேபில் ஊரான் பெயரெல்லாம் பேசுகிறது, தன் பெயர் இல்லையா என்று கோபம். அவர் மகன் பாரீஸிலிருந்து ஒன்று எழுதி அனுப்பினான். "போன்ழூர், தணிகாசலம் குடும்பத்தார் உபயம்" என்று பிரெஞ்சு வணக்கத்தோடு தொடங்கி, திரையில் உள்ளதை பிரெஞ்சில் சொல்லும். எந்த விசை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இந்த மூவருக்கும் எஃப் எட்டில் யாருக்கு முதலிடம் என்று எங்கள் லேபில் ஒரு கூட்டம் நடந்தது. நான்தான் டீ வாங்கி வைத்தேன். தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்று ஊர்க் கூட்டத்தில் பேசுவார்களே, அதே மரியாதைப் பேச்சு. "நாங்கதான் மொதல்ல குடுத்தோம்" என்றது சங்கம். "எங்களது ஆராய்ச்சி" என்றார் பேராசிரியர். "நான் தாய்மாமன்" என்றார் சொல்தா. அந்தக் கீபோர்டை வைத்து வேலை செய்கிறவள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி வழித்து வழித்துப் பேசி, கடைசியில் தீர்ப்பு சொன்னார்கள். ஒரு தட்டுத் தட்டினால் சங்கம். விடாமல் இரண்டு தட்டினால் கல்லூரி. மூன்று தட்டினால் சொல்தா.

"பேஷண்ட்?" என்று ஃபரீஹா அங்கிருந்தே கேட்டாள்.

எல்லாரும் திரும்பினார்கள். "அதுக்கு நாலு தட்டு வச்சிக்கம்மா" என்றார் புருஷோத்தமன், பெரிய மனது பண்ணி.

தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது எனக்கு. உடம்புக்கு முடியாமல் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவன், தன் பெயரைச் சொல்லவைக்க மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஃபரீஹா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "சம்பந்தி வீட்டாரு மாதிரி வந்து நிக்கறாங்கக்கா. மூஞ்சக் காட்ட முடியுமா? நாலு தட்டுதானே, தட்டிட்டுப் போறேன்" என்றாள். இளஞ்செழியன்தான் அந்த நாலு தட்டு ஏற்பாட்டையும் எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்துவிட்டு, "இத நான் எழுதுனன்னு யாருகிட்டயும் சொல்லாத" என்றாராம்.

மாசக்கணக்கில் அப்படியே ஓடியது. அவள் விரல் நாலு தட்டுக்குப் பழகிவிட்டது. வேகமாகத் தட்டினால் முதல் மூன்றும் வாயைத் திறக்கும் முன்பே அடங்கிவிடும். கொஞ்சம் தடுமாறினால் ராகு காலம்.

மழை முடிந்ததும் டெங்கு வந்தது. ஒவ்வொரு நாளும் வாசலில் கூட்டம். எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை, பிளேட்லெட். ரத்தத்தில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் வீட்டுக்குப் போகலாமா ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமா என்று தீர்மானிக்கும். ஃபரீஹாவின் போன் கீழே வைக்க வைக்க அடித்தது. லேப் மென்பொருள் ஆமை வேகத்தில் நகர்ந்தது. இந்த நேரம் பார்த்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்த நேரத்தில், புருஷோத்தமன் வெளியூர் சங்கத்து விருந்தாளிகளோடு உள்ளே நுழைந்தார். கையில் பொன்னாடை. பின்னால் வீடியோ எடுக்க ஒரு ஆள்.

இயர்போனைப் பிடுங்கி, படிக்கிற வேகத்தையும் குறைக்கச் சொன்னார்கள், எல்லாருக்கும் கேட்டுப் புரிய வேண்டுமாம். கம்ப்யூட்டர் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. அந்த நேரத்தில் போன் அடித்தது.

"எடும்மா, எடு. வேலை செய்யறத அவங்க பாக்கட்டும்" என்றார் முதலாளி.

"போனையும் ஸ்பீக்கர்ல போடு" என்றார் புருஷோத்தமன்.

ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது. "லேபுங்களா? நான் நோணாங்குப்பம் தனக்கொடி பேசறன். காலையில எங்க வூட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்தாங்க. பிளேட்லெட்டு எவ்ளோன்னு சொல்லுமா. நல்லாருந்தா வூட்டுக்குக் கூட்டினு போ, எறங்கியிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கிப் போன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆட்டோவுல ஒக்காந்துகினு இருக்கோம். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல."

ஃபரீஹா வீட்டுக்காரர் பெயர், வயது, சாம்பிள் நம்பர் எல்லாம் கேட்டுக்கொண்டு நம்பரைத் தட்டினாள். ஸ்கிரீன் ரீடர் எண்ணைப் படித்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம். நல்ல எண். வீட்டுக்குப் போகலாம் என்கிற எண். அவள் விரல் எஃப் எட்டுக்குப் போனது. முதல் தட்டு விழுந்தது.

"அன்புக் கரங்கள் சங்கம், தலைவர் வள்ளல் புருஷோத்தமன் உபயம்..."

அடுத்த தட்டுக்கு விரலைத் தூக்கினாள். புருஷோத்தமன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இரும்மா. முழுசா பேசட்டும்" என்றார், விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடி. "இன்று செவ்வாய்க்கிழமை. ராகு காலம் மாலை மூன்று மணி முதல் நான்கரை மணி வரை..." வீடியோக்காரன் கிட்டே போய் அந்தக் கையை எடுத்தான். போனில் அந்தப் பெண், "அம்மா? இன்னாமா சொல்றீங்க? ராகு காலமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்காமல் ஒரு பெண்ணின் கையை இப்படிப் பிடிக்க எவ்வளவு திமிர் வேண்டும்! கண் உள்ள பெண்ணாக இருந்தால் பிடித்திருப்பாரா?

"ஃபரீஹா, அதான் நம்பர் வந்துடுச்சில்ல? சொல்லிடு, காத்துகினு இருக்காங்க" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது யாரு நம்பருன்னு தெரியல சார்."

"ஸ்கிரீன்லதான இருக்கு!"

"அப்ப நீங்க படிங்க. பேரப் படிங்க சார்."

முதலாளி குனிந்து பார்த்தார். "அரிகிருஷ்ணன்" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். "லாஸ்பேட்டை" என்றார் சின்னக் குரலில். திரையில் இருந்தது முந்தைய ஆள்.

"கைய எடுங்க" என்றாள் ஃபரீஹா. ரத்தம் எடுக்கும் அறை வரைக்கும் அது கேட்டது. உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். புருஷோத்தமன் கையை எடுத்தார்.

அவள் நம்பரை மறுபடி தட்டினாள். காத்திருந்தாள். எஃப் எட்டில் நாலு தட்டு. அன்பு, எங்கள், போன்ழூ என்று மூன்று பேரும் ஆளுக்குக் கால் வார்த்தை பேசிவிட்டு அடங்கினார்கள். பிறகு வந்தது, "கோவிந்தசாமி, வயது ஐம்பத்திரண்டு, நோணாங்குப்பம்." கீழ் அம்புக்குறி விசையைத் தட்டி எண்ணுக்கு இறங்கினாள். பதினெட்டாயிரம்.

"தனக்கொடியம்மா, கேக்குதா? மொதல்ல கேட்ட நம்பரு ஒங்களுது இல்ல. வூட்டுக்குப் போவாதீங்க. ஆட்டோவ நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கி விடச் சொல்லுங்க. பதினெட்டாயிரம்னு சொல்லுங்க, ஒடனே சேத்துக்குவாங்க. ரிப்போர்ட்ட நாங்க அங்கயே அனுப்பிடறோம். பயப்படாதீங்க, ஆனா நிக்காதீங்க."

ஆட்டோ கிளம்பும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. போன் கட்டானது. இவள் கொஞ்சம் பணிந்து போகிறவளாக இருந்திருந்தால் அந்த ஆட்டோ நோணாங்குப்பத்துக்குத் திரும்பியிருக்கும்.

அப்போது புருஷோத்தமன் வீடியோக்காரனிடம் கேட்டார். "அந்தக் கடைசி பிட்டு நல்லா வந்துச்சா?"

அவர்கள் போனதும் ஃபரீஹா டிபன் பாக்ஸைத் தொடவில்லை. விசைப் பட்டியலைத் திறந்து சங்கத்தை எடுத்தாள், கல்லூரியை எடுத்தாள், சொல்தாவை எடுத்தாள். நாலு தட்டு ஏற்பாட்டையும் கழற்றிவிட்டு, இளஞ்செழியனின் பழைய ஆட்-ஆனை மட்டும் விட்டுவைத்தாள். முதலாளி அந்த வழியாக இரண்டு தடவை போனார். கம்ப்யூட்டர் "நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது" என்று சொல்வது அவருக்கும் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

"அந்தாளு மேலகூட எனக்கு அவ்ளோ கோவம் இல்லக்கா" என்றாள் என்னிடம். "நாலு தட்டுக்கு நான் ஒத்துக்கினு ஒக்காந்திருந்தன் பாருங்க, அத நெனச்சாத்தான் எனக்கே என்னப் புடிக்கல." அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அந்த வார முடிவிலேயே வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. சோகமான வீணை இசை. முதலில் பொன்னாடை. பிறகு போனில் தனக்கொடியின் குரல், ஃபரீஹாவின் விரல், முதல் தட்டு, "வள்ளல் புருஷோத்தமன் உபயம்". அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, "ஒடனே சேத்துக்குவாங்க" என்கிற அவள் குரல். கை பிடித்தது இல்லை. அரிகிருஷ்ணன் இல்லை. கைய எடுங்க இல்லை. கீழே 'உயிர் காத்த மென்பொருள்' என்று எழுத்து. அதையே பேனராக அடித்து எங்கள் லேப் எதிரிலேயே கட்டினார்கள். காலையில் கதவைத் திறந்தால் அவர் பல்லில்தான் விழிக்க வேண்டும். அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போக நான் பழகிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, கூட்டம் குறைந்திருந்த ஒரு காலையில், ஒரு அம்மா கையில் கனமான பையோடு என் கவுன்ட்டருக்கு வந்தாள். பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும். மேலே ஒரு துண்டு, புதுசு.

"நான் நோணாங்குப்பம் தனக்கொடிமா. எங்க வூட்டுக்காரரு பொழச்சி வந்துட்டாரு" என்றாள். "எங்க பையன் போனுல வீடியோ காட்டுனான். என் கொரலுகூட வருது அதுல. அந்தப் பெரியவரு குடுத்த மிஷினுதான காப்பாத்துச்சாம். அவரு வூடு எங்கருக்குது? பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தன்."

அவள் காட்டிய திசையில் பேனர். அவளைச் சொல்லி என்ன? உயிரோடு புருஷன் திரும்பி வந்த நன்றியைக்கூட வழியில் நின்று பிடுங்கிக்கொள்கிற ஜென்மங்களை என்ன சொல்வது? எல்லாவற்றையும் கொட்டிவிட வாயெடுத்தேன். ஃபரீஹா மேஜையைத் தட்டி என்னை நிறுத்தினாள்.

"அம்மா, இங்க வாங்க. அந்த மிஷினு இதான். கேளுங்க."

சாம்பிள் நம்பரைத் தட்டினாள். இயர்போனைப் பிடுங்கி, வேகத்தைக் குறைத்தாள். இன்சர்ட், எஃப் எட்டு. ஒரே தட்டு.

"கோவிந்தசாமி, வயது ஐம்பத்திரண்டு, நோணாங்குப்பம்" என்றது.

தனக்கொடி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு பேரச் சொல்லுது" என்றாள். "இன்னொரு வாட்டி."

மறுபடி தட்டினாள். மறுபடி அதே பெயர். தனக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெரியவரு பேரு வரலியே?"

"அவரு பேரு பேசற வரைக்கும்தாம்மா அன்னிக்கி ஒங்கள ஆட்டோவுல ஒக்கார வச்சிருந்தோம்" என்றாள் ஃபரீஹா.

தனக்கொடிக்கு அன்றைக்குப் போனில் கேட்ட ராகு காலம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ரோட்டில் இருந்த பேனரைத் திரும்பிப் பார்த்தாள். பழப் பையைப் பார்த்தாள்.

"அப்ப இத யாருகிட்டக் குடுக்கறது?"

"இப்படிக் குடுங்க" என்று ஃபரீஹா கையை நீட்டினாள். "காலையிலேந்து ஒண்ணும் சாப்புடல."